இயந்திரம் வாங்குமுன் மூன்றாமவர் சோதனை

சேலத்தை அடுத்த வெள்ளைக்கல் மலைகளில், எஃகு உலைகளின் உட்சுவரில் பதிக்கும் வெப்பந்தாங்கு செங்கல்லுக்கு மூலப்பொருளான மாக்னசைட் திறந்தவெளிச் சுரங்கங்களிலிருந்து வெட்டியெடுக்கப்பட்டு வந்துள்ளது. நாமக்கல் மாவட்டத்துத் திருச்செங்கோடோ, பல மாநிலங்களுக்கும் ஆழ்துளைக் கிணறு தோண்டச் செல்லும் ரிக் வண்டிகளால் பெயர்பெற்றது. பாறையோடு மல்லுக்கு நிற்கும் இவ்விரு தொழில்களிலும் இயந்திரமே பெருமுதல் என்பதால், கடன் தவணை முடியுமுன் அது பழுதாகி நின்றால் வருவாய் நின்றுபோகும், வட்டி நிற்காது. ஆகவே வாங்குமுன் அதைச் சோதிப்பவர் யார் என்னும் கேள்வி முதன்மை பெறுகிறது.

1865-இல் ஜெர்மனியின் மான்ஹைம் நகரில் மதுவடிசாலை ஒன்றின் கொதிகலன் வெடித்ததை அடுத்து, கொதிகலன் உரிமையாளர்களே மறு ஆண்டு சங்கம் அமைத்துத் தனி ஆய்வாளர்களை அமர்த்தினர். இன்று உலகெங்கும் அறியப்படும் டூவ் ஆய்வு நிறுவனங்களின் தொடக்கம் அதுவே. ஆய்வு அமைப்புகளுக்கான ஐஎஸ்ஓ/ஐஇசி 17020 என்னும் பன்னாட்டுத் தரநிலை, தான் சோதிக்கும் பொருளின் வடிவமைப்பு, உற்பத்தி, விற்பனை, கொள்முதல், பயன்பாடு, பராமரிப்பு ஆகிய எதிலும் ஈடுபடாத அமைப்பையே முழுச் சார்பின்மை உடைய 'ஏ' வகையாக ஏற்கிறது.

புதிய இயந்திரமாயின், வேலை முடிந்தபின் பார்ப்பதில் பயன் குறைவு. ஏனெனில் பற்றவைப்பின் உட்குறையைப் பெயிண்ட் மறைத்துவிடும். எனவே ஆய்வாளர் ஒப்புதலின்றி அடுத்த கட்டத்துக்குச் செல்லக்கூடாத நிலைகள் முன்கூட்டியே வகுக்கப்பட்டு, எஃகுத் தகட்டின் தரச்சான்று சரிபார்க்கப்படுகிறது. உலோகத்தினுள் உள்ள விரிசலை எதிரொலியால் காட்டும் மீயொலிச் சோதனையும் செய்யப்படுகிறது. ரிக் வண்டிக் கம்ப்ரசரின் காற்றுத் தொட்டியை நீர் நிரப்பி அழுத்தத்துக்கு உட்படுத்துவர். அமுங்கிய காற்றைப்போல் நீர் பேராற்றலைத் தேக்காதாகையால், தொட்டி பிளந்தாலும் பேரிடர் நேர்வதில்லை.

பழைய இயந்திரத்திலோ, ஓடிய மணிகளைக் காட்டும் மீட்டரை மாற்றிவிட முடியும். எஞ்சின் ஆயிலை அவ்வளவு எளிதில் பொய் சொல்ல வைக்க முடியாது. ஆய்வகச் சோதனையில் இரும்புத் துகள் மிகுந்திருப்பது உட்பாகங்களின் தேய்மானத்தையும், சிலிக்கன் மிகுந்திருப்பது காற்று வடிகட்டியைக் கடந்து கல்தூசி புகுந்திருப்பதையும் உணர்த்தக்கூடும். எனினும் அண்மையில் ஆயில் மாற்றப்பட்டிருந்தால் அச்சான்றும் மங்கிவிடும் என்பதால், ஆயில் மாற்றிய நாளையும் கேட்டறிய வேண்டும்.

விற்பவர் தேர்ந்து, விற்பவரே கட்டணம் தரும் ஆய்வாளரின் அறிக்கை வாங்குபவருக்கு முழுக் காப்பாகாது. ஆய்வாளரைத் தேர்வதும் அறிக்கையை நேரே பெறுவதும் வாங்குபவரின் உரிமை என்றும், இறுதித் தொகை அவ்வறிக்கைக்குப் பின்னரே தரப்படும் என்றும் முன்பணம் கைமாறுமுன் கொள்முதல் ஆணையில் எழுதப்பட்டிருந்தால்தான், கண்டறிந்த குறையை விற்பவர் செலவிலேயே களையச் செய்ய வழியுண்டு.