சேரிப் பெண்கள் சங்கமும் சிறுநிதியும்



1920 ஜனவரி 31 அன்று அண்ணல் அம்பேத்கர் ‘மூக்நாயக்’ இதழைத் தொடங்கியபோது கோலாப்பூர் சாகு மகாராஜா 2,500 ரூபாய் கொடுத்து உதவினார். பெரும் வரலாற்றுக்கும் ஒரு சிறுதொகை தேவைப்பட்டது. நினைவுரை மேடையில் பணத்தைப் பற்றி நாம் பேசுவது அதனால்தான்.

வன்கொடுமை வழக்கில் சாட்சி சொல்லப் போகும் கூலிப் பெண்ணுக்கு அன்றைய கூலி இல்லை. பேருந்துக் காசும் கைக்காசு. பயணப்படியும் தினப்படியும் தர வேண்டும் என்கிறது 1995ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்பு விதிகளில் விதி 11. நாங்கள் உடன் நின்ற வழக்குகளில் வாய்தாக்கள் பல கடந்த பிறகே அந்தப் பணம் வந்தது. அதுவரை அவர் பிறழ்சாட்சி ஆகாமல் தாங்கி நிற்பது சேரிப் பெண்களின் சங்கம். அதற்குத் தேவை லட்சங்கள் அல்ல, சில ஆயிரங்கள். சுய உதவிக் குழுக் கடன் இதற்கு உதவாது. கடன் வட்டியோடு திரும்ப வேண்டும். அதில் ஆடு வாங்கலாம், வழக்கு நடத்த முடியாது.

இந்தச் சில ஆயிரங்கள் முன்பு எப்படி வந்தன? வெளிநாட்டு நிதி பெறும் பெரிய நிறுவனம், அதே சட்டத்தில் பதிவு பெற்ற சிறிய அமைப்புகளுக்குப் பிரித்துக் கொடுத்தது. 2020 செப்டம்பரில் வெளிநாட்டு நிதி ஒழுங்குமுறைச் சட்டம் திருத்தப்பட்டது. பெற்ற நிதியை வேறு எவருக்கும் மாற்றித் தரக்கூடாது என்றது பிரிவு 7. நிர்வாகச் செலவின் உச்சவரம்பு 50 சதவீதத்திலிருந்து 20 ஆகக் குறைந்தது. 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமும் இத்திருத்தம் செல்லும் என்றது.

சங்கமே நேரடியாகப் பதிவு பெறலாமே என்பார்கள். அதற்கு மூன்று ஆண்டுகளில் 15 லட்சம் ரூபாய் செலவிட்டிருக்க வேண்டும். ஆயிரங்களில் இயங்கும் சங்கம் லட்சங்களுக்கு எங்கே போகும்? உள்நாட்டு நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதிக்கும் 2021 ஏப்ரல் முதல் தனிப் பதிவு தேவை. அது கிடைத்தாலும், சாதிக்கு எதிரான வழக்குக்குப் பணம் தர எந்த நிறுவனம் முன்வரும்? ஆக, காகிதம் உள்ளவருக்கே பணம். தலைமுறைகளாகக் காகிதம் மறுக்கப்பட்டவர்கள் இங்கும் வாசலுக்கு வெளியே நிற்கிறார்கள்.

ஆனால் அந்தச் சட்டம் கட்டுப்படுத்துவது வெளிநாட்டுப் பணத்தை மட்டுமே. நம் மாதச் சம்பளத்தை அல்ல. இடஒதுக்கீட்டால் வேலை பெற்ற நாம், ஆண்டுக்கு ஒரு நாள் ஊதியத்தைப் பொதுநிதியாகச் சேர்க்க முடியும். விண்ணப்பம் தமிழில் ஒரே பக்கம் இருக்கட்டும். எழுதத் தெரியாதவர் வாயால் சொல்லட்டும், மாணவர்கள் எழுதிக்கொள்ளட்டும். எதற்குச் செலவிடுவது என்பதைச் சங்கத்துப் பெண்களே முடிவு செய்யட்டும். கணக்கை ஊர் நடுவில் வாசிக்கட்டும்.

கொடுக்கிறோம் என்பதற்காக அவர்களுக்கு நாம் எஜமானர்கள் ஆகிவிட முடியாது. அவர்கள் போராடிப் பெற்றதில்தான் நாம் படித்தோம். இது தானம் அல்ல. நாம் திருப்பித் தர வேண்டிய கடன்.