உங்களுக்குத் தெரியுமா? பூவுக்கொரு தரகர்

● நிலக்கடலை என்கிற மல்லாட்டைப் பூவுக்குத் தரகரே வேண்டாம். கண்டாச்சிபுரம் பக்கத்து மானாவாரிக் கொல்லைகளில் விடியற்காலையில் மஞ்சள் மஞ்சளாய்ப் பூத்திருக்கிறதே, அது விரிவதற்குள்ளேயே உள்ளுக்குள் மகரந்தம் சேர்ந்து காரியம் முடிந்திருக்கும். தேனீ வந்து உட்கார்ந்தாலும் பெரும்பாலும் வெட்டி வேலைதான். வேடிக்கை அதற்குப் பிறகு. பூ வாடியதும் அதன் அடியிலிருந்து ஊசி போல ஒரு விழுது கிளம்பித் தரையைப் பார்த்து இறங்கும். மண்ணுக்குள் இருட்டில் புகுந்தால்தான் நுனி பருத்துக் காயாகும். வெளியிலேயே நின்றால் கருகிவிடும். மண் அணைப்பது இதற்குத்தான். காய்க்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்தும் வேர் வழியாக வருவதில்லை. காயே தன் ஓட்டின் வழியாக மண்ணிலிருந்து உறிஞ்சிக்கொள்கிறது. அந்தச் சத்துக் குறைந்த மண்ணில் பொக்கு விழுவதும், 45-ஆம் நாள் வாக்கில் ஜிப்சம் போடச் சொல்வதும் அதனால்தான்.



● திண்டிவனம் பக்கத்துத் தர்பூசணியோ நேரெதிர். ஒரே கொடியில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. பெண் பூவின் அடியில் சுண்டைக்காய் அளவில், பூனைமயிர் போர்த்திய பிஞ்சு ஒன்று ஒட்டியிருக்கும். காலையில் விரியும், அன்றைக்கே மூடிக்கொள்ளும். மறுநாள் வாய்ப்பு இல்லை. மகரந்தம் பிசுபிசுப்பானது, காற்றில் பறக்காது. தேனீதான் சுமக்க வேண்டும், அதுவும் பலமுறை வந்து போக வேண்டும். சரியாகச் சேராவிட்டால் விதை பிடிக்காத பக்கம் பருக்காமல் பழம் கோணிக்கொள்ளும். காலை வேளையில் பூச்சிமருந்து அடித்துவிட்டு, அப்புறம் விதைக் கடைக்காரரைத் திட்டிப் பயனில்லை.

● கத்தரிப் பூவில் தேன் கிடையாது. மகரந்தமும் உப்புக் குப்பி மாதிரி நுனியில் மட்டும் ஓட்டை உள்ள பைகளுக்குள் இருக்கிறது. கருவண்டு பூவைக் கட்டிப்பிடித்து, 'விர்ர்' என்று உடம்பை அதிரவைத்து அதை உதிர்த்துக்கொள்ளும். தேனீக்கு அந்த வித்தை தெரியாது.

● புடலைப் பூ பொழுது சாய்ந்து விரியும். வாடிக்கையாளர் அந்துப்பூச்சி, பூவின் வெள்ளை இருட்டிலும் தெரியும்.

● 'அத்தி பூத்தாற்போல' என்கிறோம். அத்தி தவறாமல் பூக்கிறது, நாம்தான் பார்ப்பதில்லை. காய் என்று நாம் பிளப்பதற்குள்ளே இருப்பதெல்லாம் பூக்கள். நுனித் துளை வழியாகத் தரகராய்க் கடுகளவு குளவி ஒன்று நுழையும். நுழையும்போதே சிறகு பிய்ந்துபோகும்.

● பனையில் மரமே ஆண், பெண் எனத் தனித்தனி. பதநீர் இரண்டிலும் இறக்கலாம், நுங்கு பெண் பனையில் மட்டும். செய்யாற்றுத் திருவோத்தூரில் ஆண் பனைகளைச் சம்பந்தர் பாடிக் காய்க்க வைத்தார் என்பார்கள். மற்ற ஊர்ப் பெண் பனைகளுக்கு அக்கம்பக்கத்தில் ஆண் பனை வேண்டும். கொட்டை போட்டவருக்கோ, பாளை விடும்வரை, 12, 15 வருஷம் ஆனாலும், எது ஆண் எது பெண் என்று தெரியாது.