பாட்டுகளை வகைப்படுத்தி வைப்போம்

கணினியில் பாட்டுகளைச் சேர்க்கிறோம். தேடும்போது மட்டும் கிடைப்பதில்லை. எவ்வகை வெளியீடு என்று நாம் குறித்து வைப்பதில்லை அல்லவா?

அக்காலத்தில் இசைத்தட்டின் அளவே வகையைச் சொல்லிவிடும். 12 அங்குலத் தட்டு, நிமிடத்திற்கு 33⅓ சுற்று என்றால் அது எல்.பி. இன்று எல்லாம் கோப்புகளே. ஆகவே குறிப்பைக் கோப்புக்குள்ளேயே எழுத வேண்டியிருக்கிறது. 'பிக்கார்ட்' என்னும் இலவச மென்பொருள், மியூசிக்பிரெய்ன்ஸ் தகவல் களஞ்சியத்தைப் பார்த்து அதை எழுதித் தரும். 'ரோஜா' (1992) பாடல்களுக்கு வகை ஆல்பம், துணைவகை திரையிசை.

நம்மை அதிகம் குழப்புவது தொகுப்புதான். பத்துப் பாடகர்கள் பாடிய தீபாவளித் தொகுப்பைச் சில மென்பொருள்கள் பத்துத் துண்டாக உடைத்துக் காட்டும். 'ஆல்பம் கலைஞர்' என்ற இடத்தில் எல்லாப் பாட்டுக்கும் 'பலர்' என்று எழுதினால் ஒன்றுசேர்ந்துவிடும். சின்ன வேலைதான், ஆனால் பலரும் செய்வதில்லை.

பாட்டி பாடி, ஒலிநாடாவில் பதிந்து, பிறகு கணினிக்கு மாற்றிய தாலாட்டோ எந்தக் களஞ்சியத்திலும் இராது. 'வீட்டுப் பதிவு' என்ற வகையை நாமே எழுத வேண்டும். பாடியவர், ஆண்டு, தோட்டத்தின் பெயர் ஆகியவற்றையும் சேர்க்க வேண்டும். அந்தத் தோட்டமே இன்று இல்லாமல் போயிருக்கலாம். வெறும் 'டிராக் 01' என்று கிடந்தால், இடம் போதவில்லை என்று பிள்ளைகள் முதலில் அழிப்பது அதைத்தான்.