மரம் தளிர்க்கும் முன் நீலக் காடு!

லண்டனில் உள்ள கியூ தாவரவியல் பூங்கா, 1759ல் துவங்கப்பட்டது. அதன் ஒரு மூலையில் சிறு காடு உண்டு. "இயற்கையாகவே விட்டு வைக்க வேண்டும்' என்ற நிபந்தனையுடன், 1898ல் விக்டோரியா மகாராணி கொடுத்த இடம் அது.

குளிர்காலத்தில் இலை உதிர்த்த மரங்கள், வசந்தத்தில் மெல்லத் தளிர்க்கும். ஏப்ரல் கடைசியில் பார்த்தால், அவற்றின் கீழே தரையெல்லாம் நீலம்! மணி போல் தொங்கும், "புளூபெல்' பூக்கள். மேலே இலை அடர்ந்து விட்டால் வெயில் கிடைக்காதே... அதனால் தான் இந்த அவசரம். மண்ணுக்குள், வெங்காயம் போன்ற கிழங்கில் சேர்த்து வைத்த உணவு கை கொடுக்கிறது.

தேன் குடிக்க பம்பிள் தேனீக்கள் வரும். சில குறும்புக்காரர்கள், வாசல் வழியே நுழையாமல், காம்புப் பக்கம் ஓட்டை போட்டுத் திருடுவதும் உண்டு!

இந்தப் பூக்களைப் பாதையில் நின்றே ரசிக்க வேண்டும். மிதிபட்ட இலை உணவு தயாரிக்காது. கிழங்கு மெலிந்து விடும். விதையிலிருந்து புதுச்செடி முளைத்துப் பூக்க, 5 ஆண்டுகளாவது ஆகும்.