பிரண்டையும் அதன் உணவுப் பயனும்

எவரும் நட்டு நீர் வார்க்காமலே வளரும் கொடிகளுள் பிரண்டையும் ஒன்று. யாழ்ப்பாணத்து வறண்ட நிலத்திற் கிளுவை வேலிகளும் பற்றைகளும் அதற்குப் புகலிடமாவன. வடமொழியில் அது வச்சிரவல்லி எனப்படும். தாவரநூலார் அதனை முந்திரிகைக் கொடியின் குடும்பத்துட் சேர்ப்பர். லின்னேயசு இட்ட இலத்தீன் பெயர் 'நாற்கோணமுடையது' எனப் பொருள்படும். தண்டைக் குறுக்கே வெட்டிப் பார்ப்பார்க்கு அப்பெயரின் பொருத்தம் விளங்கும்.

கோடையில் இலையுதிர்ந்த பின்னும் பிரண்டைத் தண்டு பசுமை மாறாதிருக்கும். சாறு நிறைந்த அத்தண்டு நீரைச் சேமிப்பதோடு இலையின் தொழிலையும் செய்கின்றது. பகலில் இலைவாய்களைத் திறப்பின் நீர் ஆவியாகிக் கழியும். ஆதலின், தண்டு இரவிலே அவற்றைத் திறந்து காபனீரொட்சைட்டை ஏற்று அமிலமாக வைத்திருந்து, பகலில் ஒளியின் துணையால் உணவாக்குகின்றது.

பிள்ளைகளால் மனம் நொந்த தாயர், 'பெற்ற வயிற்றிற் பிரண்டையைக் கட்ட வேண்டும்' என்று வருந்துவது தமிழர் வழக்கு. பிரண்டையைத் தொட்டறிந்தார்க்கு அதன் கடுமை புலனாகும். தண்டிலுள்ள கல்சியம் ஒட்சலேற்றின் ஊசிபோன்ற பளிங்குகள் தோலையும் நாவையும் குத்தி அரிப்பை உண்டாக்கும். இதனாலேயே பக்குவம் இன்றியமையாததாயிற்று. இளந்தண்டைத் தேர்ந்து, கையில் நல்லெண்ணெய் பூசி, கணு நீக்கி நாருரித்து அரிந்து, எண்ணெயில் நன்கு வதக்குவர். பின்னர்ச் செத்தல் மிளகாய், உழுத்தம்பருப்பு, தேங்காய்ப்பூ, பழப்புளி, உப்பு என்பன கூட்டித் துவையலாக அரைப்பர். வதக்கல் குறையின் நா அரிக்கும்.

தமிழ்நாட்டு அந்தணர் இல்லங்களிற் சிராத்த உணவிலே இத்துவையலுக்குத் தனியிடமுண்டு. விசுவாமித்திரருக்கு ஆயிரத்தெட்டுக் கறி படைக்க நேர்ந்த கதையில், பாகல் நூறாகவும் பிரண்டை முந்நூறாகவும் பலா அறுநூறாகவும் எண்ணப்பட, எஞ்சிய எட்டே வேறு கறிகளாயின என்பர்.

முரிந்த என்பைப் பொருத்துமென்றும், பசியைத் தூண்டுமென்றும் சித்த, ஆயுள்வேத வைத்தியர் இதனைப் போற்றுவர். ஆயின், உணவாகக் கொள்ளும் அளவு வேறு; மருந்தாகக் கொள்ளும் அளவு வேறு. சிறுநீரகக் கல்லுடையார் வைத்தியரைக் கேட்டே உண்ணல் வேண்டும்.

இன்று கிளுவை வேலி நின்ற இடங்களில் மதில்கள் எழுகின்றன. வேலி போயின் கொடியும் போகும். கொடி போயின், அதனை இனங்கண்டு பக்குவஞ் செய்யும் கையறிவும் ஒரு தலைமுறையிற் போய்விடும். அடுக்களையில் முற்றியதெனக் கழிக்கும் கணுத்துண்டு ஒன்றை மதிலடியில் ஊன்றினாலும் அது வேர்கொள்ளும். அதனைக் காத்தற்கு அவ்வளவு முயற்சியே போதும்.