பற்றரியின் நாடி பார்க்கும் சின்னப் பெட்டி

மின்கம்பம் வீதியோடு நின்றுவிட்ட வீடுகள் எமது பகுதிகளில் இன்னும் இருக்கின்றன. நாடு முழுவதும் மின்சாரம் வந்துவிட்டது என்று சொல்லப்பட்டாலும், வயற்கரையிலும் காட்டோரத்திலும் தனித்து நிற்கும் குடிமனைகளுக்குக் கம்பம் நட்டு வயர் இழுக்கும் செலவைத் தாங்க எல்லோராலும் முடிவதில்லை. அப்படியான வீடுகளில் பெண்களே குடும்பத்தைக் கொண்டு நடத்துகிறார்கள் என்றால், இரவில் ஒரு வெளிச்சம் என்பது வசதி மட்டுமல்ல, அது பாதுகாப்பு. பாம்புப் பயம், யானைப் பயம், மனிதர் பயம் எல்லாவற்றுக்கும் முதல் காவல் அதுதான்.

எனது வீடும் அத்தகையதே. முல்லைத்தீவு மாவட்டத்தில், பிரதான வீதியிலிருந்து ஒன்றரைக் கிலோமீற்றர் உள்ளே இருக்கிறது. 2009 இல் கணவரை இழந்து, 2010 இல் மகளுடன் மீளக் குடியேறினேன். தையல்தான் எமது சீவியம். 2013 இல் உதவித் திட்டம் ஒன்றின் மூலம் சோலார் பனல், பற்றரி, மூன்று பல்ப் கிடைத்தன. அன்று முதல் இன்று வரை எமது வீட்டு வெளிச்சம் சூரியனிடமிருந்தே வருகிறது.

சூரியன் காசு கேட்பதில்லை. பனலும் இருபது வருடங்களுக்கு மேல் உழைக்கக்கூடியது. காசைத் தின்பது பற்றரி. முதற் பற்றரி இரண்டு வருடத்தில் செத்தது. சீட்டுக் காசில் 2016 இல் வாங்கிய இரண்டாவதும் மூன்று வருடத்தைத் தாண்டவில்லை. 2022 இல் ரூபாவின் பெறுமதி விழுந்தபோது பற்றரி விலை எமக்கு எட்டாத இடத்துக்குப் போனது. நுண்கடன் எடுத்துப் பற்றரி வாங்கி, பற்றரி செத்த பிறகும் கடன் கட்டிக்கொண்டிருந்த சகோதரிகளை நான் அறிவேன். ஆகவே 2023 இல் மூன்றாவது பற்றரியைச் சீட்டில் எடுத்தபோது, இது ஏன் சாகிறது என்று அறியாமல் இனி ஒரு சதமும் செலவழிப்பதில்லை என்று நானும் மகளும் முடிவு செய்தோம்.

பற்றரி ஏன் சாகிறது?

எமது வீடுகளில் பெரும்பாலும் இருப்பது 12 வோல்ற் ஈயப் பற்றரி. உள்ளே ஈயத் தகடுகளும் கந்தக அமிலம் கலந்த நீரும் இருக்கின்றன. நாம் மின்னை எடுக்க எடுக்கத் தகடுகளில் ஈய சல்பேற்று படியும். அடுத்த நாளே நன்றாகச் சார்ஜ் ஏறினால் அது திரும்பக் கரைந்துவிடும். நாட்கணக்காகக் குறைந்த நிலையில் கிடந்தால் அந்தப் படிவு பளிங்காக இறுகிவிடும். பிறகு எவ்வளவு வெயில் அடித்தாலும் கரையாது. பற்றரி நிரம்பியது போலக் காட்டும்; இரவு எட்டு மணிக்கே வெளிச்சம் மங்கும்.

ஓய்வில் இருக்கும் ஈயப் பற்றரி நிரம்பியிருந்தால் ஏறத்தாழ 12.7 வோல்ற் காட்டும். 12.2 என்றால் பாதியளவு முடிந்துவிட்டது. பாதிக்குக் கீழே அடிக்கடி இறக்கினால் அதன் ஆயுள் குறுகும். ஆனால் பனலோடு வரும் சார்ஜ் கொன்ரோலர்கள் பல 11 வோல்ற் அளவுக்கு வந்த பிறகுதான் வெளிச்சத்தைத் துண்டிக்கின்றன. அதற்குள் பற்றரி அடிமட்டத்துக்குப் போயிருக்கும். கொன்ரோலரில் எரியும் சின்னப் பச்சை லைற்றை நம்பி இருந்துவிட்டால் உள்ளே நடப்பது தெரியாது.

"அம்மா, காய்ச்சலுக்கு நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறம். இதைத் தொட்டுப் பார்க்க ஏலாது. ஆனா அளந்து பார்க்கலாம்" என்றாள் மகள். உயர்தரத்தில் தகவல் தொழில்நுட்பம் படித்தவள் அவள்.

பெட்டிக்குள் இருப்பவை

மகள் செய்த கருவி ஒரு சோப்புப் பெட்டியளவுதான். அதன் மூளை மைக்ரோகொன்ரோலர் எனப்படும் ஒரு சிறு சில்லு. விரலளவு பலகையில் வரும் 'ஆர்டுயினோ நனோ'வை அவள் பயன்படுத்தினாள். ஆர்டுயினோ 2005 இல் இத்தாலியின் இவ்ரேயா நகரில், மாணவர்கள் குறைந்த செலவில் பழகுவதற்காக உருவாக்கப்பட்டது. அதன் வரைபடத்தை எவரும் பார்த்துச் செய்யலாம் என்று விட்டிருப்பதால் மலிவான பலகைகளும் கடைகளில் கிடைக்கின்றன. செய்ய வேண்டிய வேலையைக் கணினியில் எழுதி, ஒரு வயர் மூலம் ஏற்றினால் போதும். பிறகு கணினி தேவையில்லை. இரவல் வாங்கிய மடிக்கணினியில் அவள் அதைச் செய்து முடித்தாள்.

இந்தச் சில்லு 5 வோல்ற்றுக்கு மேல் தாங்காது. பற்றரியோ சார்ஜ் ஏறும்போது 14.4 வோல்ற் வரை போகும். ஆகவே 30 ஆயிரம் ஓம், ஏழரை ஆயிரம் ஓம் கொண்ட இரண்டு தடையிகளால் வோல்ற் அளவை ஐந்தில் ஒன்றாகக் குறைத்துச் சில்லுக்குக் கொடுக்க வேண்டும். சில்லு அதை 0 முதல் 1023 வரையான ஓர் எண்ணாக வாசித்து, திரும்ப ஐந்தால் பெருக்கி எமக்குக் காட்டுகிறது. பாற்காரர் பெரிய குடத்தை அப்படியே தூக்காமல் சுண்டால் அளந்து கணக்குச் சொல்வது போன்றதே இது.

மின்னோட்டத்தை அளக்க ஏ.சி.எஸ்.712 என்ற சிறு உணரிகள் இரண்டு. ஒன்று பனலிலிருந்து வருவதை அளக்கும். மற்றது வீட்டுக்குப் போவதை அளக்கும். இந்த உணரி சிறிய மின்னோட்டத்தில் சற்றுத் தளம்பும். ஆகவே நூறு தடவை வாசித்துச் சராசரியைக் காட்டும்படி மகள் எழுதினாள். பற்றரியின் சூட்டைப் பார்க்க வெப்ப உணரி ஒன்று, எண்களைக் காட்ட இரண்டு வரித் திரை ஒன்று, ஆபத்தென்றால் கீச்சிட ஒரு பசர். அவ்வளவுதான். எல்லாம் சேர்த்து ஒரு புதிய பற்றரியின் விலையில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு முடிந்தது.

கருவியும் பற்றரியில்தான் ஓடுகிறது. எனவே திரை எந்நேரமும் எரியாமல், பொத்தானை அழுத்தினால் மட்டும் எரியும்படி செய்தாள். காவல்காரனே களவெடுக்கக் கூடாதல்லவா!

கொப்பி சொன்ன கணக்கு

நான் செய்தது எழுதுவது மட்டுமே. ஒரு கொப்பியில் விடிய, மதியம், இரவு என்று மூன்று தடவை எண்களைக் குறித்தேன். விடியற்காலை எண்தான் முக்கியமானது. பனலில் வெயில் படுவதற்கு முன்னர், வெளிச்சம் எல்லாம் அணைத்திருக்கும்போது எடுப்பதுதான் பற்றரியின் உண்மையான நிலையைச் சொல்லும். பகலில் சார்ஜ் ஏறும்போது 13, 14 என்று காட்டுவதைப் பார்த்து மயங்கக் கூடாது.

எமது செலவைக் கணக்குப் பார்த்தோம். 7 வாற் பல்ப் மூன்று, ஐந்து மணி நேரம், 15 வாற் விசிறி ஒன்று, நான்கு மணி நேரம், இரண்டு கைத்தொலைபேசி. எல்லாம் சேர்த்து நாளொன்றுக்கு 15 அம்பியர்-மணி அளவு. எமது 100 வாற் பனல் நல்ல வெயில் நாளில் 25 அம்பியர்-மணி அளவு தர வேண்டும். அப்படியானால் மிச்சம் வர வேண்டும். ஆனால் கருவி காட்டியதோ 12 தான். வரவைவிடச் செலவு கூட. சிறிது சிறிதாகப் பற்றரி கடனாளியாகிக் கொண்டிருந்தது.

மதிய எண்கள் காரணத்தைக் காட்டின. 12 மணிக்கு 5 அம்பியர் வந்தது, 2 மணிக்கு 1 அம்பியராக விழுந்தது. வெயிலோ குறையவில்லை. வெளியே போய்ப் பார்த்தபோது, மீளக் குடியேறிய காலத்தில் நட்ட வேம்பு வளர்ந்து பனலின் ஒரு மூலையில் நிழல் விழுத்தியிருந்தது. மூலையில் மட்டும் நிழல் விழுந்தால் என்ன என்று தோன்றும். பனலின் கண்ணறைகள் ஒன்றோடொன்று சங்கிலி போலத் தொடுக்கப்பட்டவை. ஒரு கண்ணறை மறைந்தாலும் மற்றவை தருவதையும் அது மறித்துவிடும்.

வேம்பை வெட்ட மனம் வரவில்லை. பனலைக் கூரையிலிருந்து இறக்கி, முற்றத்தின் மறுபக்கத்தில் குழாய்த் தூண் நட்டுப் பொருத்தினோம். வயர் நீளமானதால் மொத்தமான வயராக மாற்றினோம். மெல்லிய வயர் என்றால் போகும் வழியிலேயே வோல்ற் குறைந்துவிடும். அடுத்த கிழமையே வரவு 24 அம்பியர்-மணியாக உயர்ந்தது.

கார்த்திகை, மார்கழி மாரியில் வெயில் இல்லாத நாட்கள் தொடர்ந்து வரும். அந்நாட்களுக்கு ஓர் ஒழுங்கு வைத்துக்கொண்டோம்:

• விடிய 12.4 வோல்ற்றுக்கு மேல் என்றால், வழமைபோல எல்லாம் பாவிக்கலாம்.
• 12.2 க்கும் 12.4 க்கும் இடையில் என்றால், அன்றிரவு விசிறி இல்லை.
• 12.2 க்குக் கீழே என்றால், ஒரு பல்ப் மட்டும். தையலைப் பகலில் முடிக்க வேண்டும்.

அந்தப் பற்றரி இரண்டு மாரிகளைத் தாண்டி இப்போதும் உழைக்கிறது.

பக்கத்து வீடுகளில்

இதைக் கேள்விப்பட்டு எமது மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தில் இருக்கும் அக்கா ஒருவர் எங்களைக் கூப்பிட்டார். "பிள்ளை, எனக்கு ஒரு லைற்றும் ஒரு ரீவியும்தான். அதுவும் ரீவி ஒரு மணித்தியாலம் கூடப் போடுறதில்லை. பற்றரி நிக்குதில்லை" என்றார். மகள் கருவியைக் கொளுவிப் பார்த்தாள். எல்லாம் அணைந்திருந்தபோதும் 0.4 அம்பியர் போய்க்கொண்டிருந்தது. ரீவிக்காகப் பொருத்தித் தந்த இன்வேட்டர் இரவும் பகலும் உயிரோடு இருந்தது. 0.4 ஐ 24 மணியால் பெருக்கினால் ஒரு நாளில் பத்து அம்பியர்-மணி வரை. அவருடைய பல்ப் எடுப்பதைவிட அது கூட. இதைப் பொருத்தியவர்கள் ஒருவரும் அவருக்குச் சொல்லவில்லை. இன்வேட்டருக்குத் தனிச் சுவிச் போட்டதுடன் பிரச்சினை தீர்ந்தது.

"பற்றரிக்கு ஆரோ செய்வினை செய்துபோட்டினம் எண்டெல்லோ நினைச்சனான்" என்று அக்கா சிரித்தார். இப்போது அவரும் கொப்பி எழுதுகிறார். எமது சங்கத்தில் ஐந்து வீடுகளில் இந்தப் பெட்டி இருக்கிறது. கடைசி இரண்டையும் மகள் பக்கத்தில் இருந்து சொல்லிக்கொடுக்க, பெண்கள் தாங்களே ஒட்டி முடித்தார்கள்.

கவனிக்க வேண்டியவை

• பற்றரியில் கை வைக்குமுன் காப்பு, வளையல், மோதிரம் எல்லாவற்றையும் கழற்றுங்கள். இரண்டு முனையையும் உலோகம் தொட்டால் ஒரு நொடியில் பழுக்கச் சூடாகி எரித்துவிடும்.
• பற்றரியின் நேர்முனைக்கு அருகிலேயே பியூஸ் போடுங்கள்.
• சார்ஜ் ஏறும்போது ஈயப் பற்றரியிலிருந்து எரியக்கூடிய ஐதரசன் வாயு வரும். காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். விளக்கையோ ஊதுபத்தியையோ கிட்டக் கொண்டுபோகாதீர்கள்.
• நீர் விடும் வகைப் பற்றரிக்கு வடித்த நீர் மட்டுமே. கிணற்று நீர் கூடாது.
• அமிலம் கண்ணில் பட்டால் உடனே நிறையத் தண்ணீரால் தொடர்ந்து கழுவி, வைத்தியசாலைக்குப் போங்கள்.
• சூடு பற்றரியின் ஆயுளைக் குறைக்கும். தகரச் சுவரோடு வைக்காமல் நிழலில் வையுங்கள்.
• மேலே சொன்ன எண்கள் ஈயப் பற்றரிக்கு மட்டுமே. லிதியம் பற்றரிக்கு இவை பொருந்தா.
• இந்தக் கருவி 12 வோல்ற் பக்கத்துக்கு உரியது. இன்வேட்டரின் 230 வோல்ற் பக்கத்தை மின்வேலை தெரிந்தவரே தொட வேண்டும்.

எங்கிருந்து தொடங்கலாம்?

யுத்த காலத்தில் பற்றரிக்குத் தடை இருந்தது. மண்ணெண்ணெய்க்குத் தட்டுப்பாடு. ஜாம் போத்தலில் பஞ்சு வைத்து, சிறிதளவு எண்ணெயில் விளக்கெரித்துப் பிள்ளைகளைப் படிப்பித்தவர்கள் நாம். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோவைச் சுற்றிச் செய்தி கேட்டவர்கள் நாம். இதெல்லாம் படித்தவர்களின் வேலை, ஆம்பிளைகளின் வேலை என்று ஒதுங்க எமக்கு ஒரு காரணமும் இல்லை.

பெட்டி செய்ய இப்போது வசதி இல்லையென்றால் ஒரு சாதாரண மல்ரிமீற்றர் போதும். சங்கத்துக்கு ஒன்று வாங்கி வீட்டுக்கு வீடு மாற்றிக்கொள்ளலாம். நாளை விடியற்காலை, வெயில் ஏறுமுன், வெளிச்சம் எல்லாவற்றையும் அணைத்துவிட்டுப் பற்றரியின் வோல்ற் அளவை ஒரு கொப்பியில் திகதியோடு எழுதுங்கள். இரண்டு கிழமை தொடர்ந்து எழுதினால், உங்கள் பற்றரி ஏறுகிறதா இறங்குகிறதா என்பதை அந்தப் பக்கமே சொல்லிவிடும். இறங்குகிறது என்றால் முதலில் நிழலைப் பாருங்கள். அடுத்ததாகப் பனலில் படிந்த தூசியைத் துடையுங்கள். பிறகு அணைத்த பின்னும் மின் எடுக்கும் பொருள் ஏதும் உண்டா என்று தேடுங்கள். புதிய பற்றரிக்குக் கடன் எடுப்பதைப் பற்றி அதற்குப் பிறகு யோசிக்கலாம்.