‘+எஃப்’ ஆட்டாவா, கொள்ளுப் பருப்பா... எதில் சத்து அதிகம்?

கோவை சூப்பர் மார்க்கெட்டுகளில் கோதுமை மாவு பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்க. சிலவற்றில் ‘+எஃப்’ முத்திரை இருக்கும். ‘அயர்ன், பி12 எல்லாம் இதுலயே இருக்கே, இனி கொள்ளு எதுக்கு?’ன்னு தோணலாம். அது சரியா?

ஏன் இந்தக் கேள்வி முக்கியம்?

2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15-49 வயதுப் பெண்களில் 53.4% பேருக்கு ரத்தசோகை. ஒரு பெண்ணுக்குத் தினமும் பரிந்துரைக்கப்படும் இரும்புச்சத்து 29 மில்லிகிராம்.

‘+எஃப்’ என்றால் என்ன?

செறிவூட்டப்பட்ட உணவுக்கான முத்திரை. 2018 விதிகளின்படி ஆட்டாவில் இரும்பு, ஃபோலிக் அமிலம், பி12 மூன்றையும் சேர்க்க வேண்டும். 100 கிராம் மாவுக்கு, அதாவது மூன்று நான்கு சப்பாத்திக்கு, கூடுதலாகக் கிடைக்கும் இரும்பு, சேர்க்கும் உப்பைப் பொறுத்து 1.4 முதல் 4.25 மில்லிகிராம். பி12 சுமார் 0.1 மைக்ரோகிராம்தான். ஒருநாள் தேவை 2 மைக்ரோகிராமுக்கு மேல். புரதமோ ஒரு கிராம்கூட ஏறாது.

கொள்ளு என்ன தருகிறது?

தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2017 அட்டவணைப்படி, 100 கிராம் கொள்ளில் புரதம் சுமார் 21 கிராம், ஆட்டாவில் 10 கிராம். இயற்கையான இரும்பும் கொள்ளில் இரு மடங்கு. ஃபோலேட் ஐந்து மடங்குக்கும் மேல்.

ஆனா ஒரு விஷயம். இதெல்லாம் வேகாத கொள்ளுக்கான கணக்கு. வெந்ததும் தண்ணீர் குடித்து எடை கூடிவிடும். அதனால் 100 கிராம் மாவையும் 100 கிராம் வெந்த கொள்ளையும் நேருக்கு நேர் வைக்கக் கூடாது. 50 கிராம் கொள்ளை வேகவைத்தால் ஒருவருக்குத் தாராளம். அதிலேயே 100 கிராம் ஆட்டா அளவுக்குப் புரதம் வந்துவிடும், பாதி கலோரியில்!

அப்போ கொள்ளுதான் ஜெயிச்சுதா?

முழுசா இல்லை. பயறுகளில் உள்ள ஃபைட்டேட் என்ற பொருள், இரும்பை உடல் முழுதாக எடுக்க விடாது. சோடியம் அயர்ன் இ.டி.டி.ஏ. சேர்த்த ஆட்டாவில் இந்தச் சிக்கல் குறைவு. கொள்ளில் பி12 கிடையவே கிடையாது. அதற்குப் பால், தயிர், முட்டை, மீன், இறைச்சிதான் வழி.

என்ன செய்யலாம்?

கொள்ளை ஊறவைத்தோ முளைகட்டியோ வேகவையுங்கள். ஃபைட்டேட் குறையும். வெந்த தண்ணீரைக் கொட்டாதீங்க, ஃபோலேட் அதில்தான் இறங்கியிருக்கும். கொங்கு வீடுகளில் பருப்பைக் கடைந்துவிட்டு, அந்தத் தண்ணியில் ரசம் வைப்பது இதனாலும் நல்ல பழக்கம். கூடவே நெல்லிக்காய் அல்லது எலுமிச்சை இருந்தால் இரும்பு நன்றாகச் சேரும். சாப்பிட்ட உடனே டீ மட்டும் வேண்டாம்.

கோதுமைப் புரதத்தில் குறையும் லைசின் கொள்ளில் உண்டு. கொள்ளில் குறைவது கோதுமையில் உண்டு. ஆக, ‘+எஃப்’ சப்பாத்தி வாங்கலாம், தப்பில்லை. தொட்டுக்கக் கொள்ளுப் பருப்பு இருக்கட்டும். ஏற்கெனவே ரத்தசோகை இருந்தால் டாக்டரைப் பாருங்கள், சாப்பாடு மட்டும் போதாது.